பனிக்குடம் உடைந்தது, வலி வரவில்லை

பிரசவம் என்றதும் அனைவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வலி. இடுப்பு வலி எடுக்கும், வலி நெருங்கி நெருங்கி வரும், பிறகு பனிக்குடம் உடையும், குழந்தை பிறக்கும். பாட்டிமார் சொல்லித் தந்த வரிசை இதுதான். பெரும்பாலான பிரசவங்கள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. ஆனால் எல்லாப் பிரசவமும் அப்படி நடப்பதில்லை. நிறைமாதத்தை எட்டிய நூறு கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இந்த வரிசை மாறிவிடுகிறது. வலியே இல்லை, ஆனால் பனிக்குடம் உடைந்து தண்ணீர் போகத் தொடங்கிவிடுகிறது.

இன்றைய உரையின் பொருள் அதுதான். 37 வாரம் நிறைந்த பிறகு, வலி வருவதற்கு முன்னதாகவே பனிக்குடம் உடைந்தால் என்ன செய்ய வேண்டும்? மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? வலி தானாக வரும்வரை காத்திருக்கலாமா, அல்லது மருந்து கொடுத்து வலியை வரவழைக்க வேண்டுமா?

இது பற்றிக் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று, "வலி வரட்டும், அப்புறம் போகலாம்" என்ற அலட்சியம். மற்றொன்று, "ஐயோ, தண்ணி எல்லாம் போயிடுச்சு, இனி ஆபரேஷன்தான்" என்ற பயம். இரண்டுமே தவறு. முதலாவது தாய்க்கும் சேய்க்கும் தொற்றைக் கொண்டு வரக்கூடும். இரண்டாவது, அந்தப் பெண்ணுக்கு மிகவும் தேவையான மனத் தைரியத்தைப் பறித்துவிடுகிறது.

பனிக்குடம் என்பது என்ன?

கருப்பைக்குள் குழந்தையைச் சுற்றி மெல்லிய இரண்டு உறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நிறைந்திருப்பதே பனிக்குட நீர். நிறைமாதத்தில் இது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கும். குழந்தைக்கு அடிபடாமல் தாங்குவது, கைகால் அசைக்க இடம் தருவது, தொப்புள்கொடி நசுங்காமல் காப்பது எல்லாம் இந்த நீரின் வேலை. அந்த உறைக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியே உள்ள கிருமிகள் குழந்தையிடம் போய்ச் சேராமல் தடுக்கும் கதவு அது. கதவு திறந்துவிட்டால் கிருமி மேலே ஏற வழி கிடைக்கிறது. உடனே ஏறிவிடுவதில்லை. ஆனால் நேரம் ஆக ஆக அதற்கான வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. ஆகவேதான், பனிக்குடம் உடைந்த வேளையிலிருந்து மருத்துவர்கள் மணிக்கணக்குப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய பயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். தண்ணீர் போய்விட்டால் உள்ளே வறண்டுவிடும், குழந்தை வழுக்கி வராது என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியன்று. நிறைமாதத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். குழந்தை உள்ளே இருக்கும்வரை அது சுரந்துகொண்டேதான் இருக்கும். 'வறண்ட பிரசவம்' என்பது வெறும் வார்த்தை. பயப்பட வேண்டியது வறட்சிக்கு அன்று, தொற்றுக்கு.

தண்ணீரா, சிறுநீரா?

சிலருக்குக் குடம் கவிழ்ந்தாற்போல் ஒரேயடியாகத் தண்ணீர் கொட்டும். அதில் சந்தேகத்திற்கு இடமில்லை. வேறு சிலருக்கு உறையின் மேற்பகுதியில் சிறு கீறல் விழும். அப்போது உள்ளாடை நனையும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நிறைமாதத்தில் குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதும் சகஜம். அதனால்தான் பலர் இதைச் சிறுநீர் என்று எண்ணி ஒரு நாள் முழுவதையும் கடத்திவிடுகிறார்கள்.

வேறுபாட்டை அறியச் சில அடையாளங்கள் உண்டு. சிறுநீரை அடக்க முடியும், பனிக்குட நீரை அடக்க முடியாது. சிறுநீருக்குரிய வாடை இதற்கு இராது. நிறம் பெரும்பாலும் தெளிவாக அல்லது வெளிர் வைக்கோல் நிறமாக இருக்கும். படுத்திருந்து எழுந்து நிற்கும்போது மீண்டும் ஒரு வீச்சு வரும். சுத்தமான பேட் ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடமாடினால் அது நனைகிறதா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், சந்தேகத்தோடு வீட்டில் இருக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சிறுநீர்தான் என்றால் சிரித்துக்கொண்டு வீடு திரும்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, கடிகாரத்தைப் பார்ப்பது. எத்தனை மணிக்குத் தண்ணீர் போனது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். "காலையில் பசியாறும்போது" என்று சொல்வதைவிட "காலை 7.40" என்று சொல்வது எத்தனையோ மடங்கு உதவும்.

இரண்டாவது, நிறத்தைப் பார்ப்பது. நனைந்த பேட்டை எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போக வேண்டும். தாதியர் அதைப் பார்த்தே பல விவரங்களைத் தெரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது, குழந்தையின் அசைவைக் கவனிப்பது. வழக்கம்போல் அசைகிறதா, குறைந்துவிட்டதா என்பதைத் தாய்தான் சொல்ல முடியும். எந்தக் கருவியையும்விட முதலில் அறிபவர் அவரே.

செய்யக்கூடாதவையும் உண்டு. உள்ளே விரல் விட்டுப் பார்க்கக் கூடாது. பஞ்சு, துணி எதையும் உள்ளே வைக்கக் கூடாது. கணவன் மனைவி உறவு கூடாது. வலியை வரவழைக்கிறோம் என்று விளக்கெண்ணெய் குடிப்பதும், ரும்புட் பாத்திமா ஊறிய நீரைக் குடிப்பதும் வேண்டாம். இத்தகைய பொருள்கள் கருப்பையை அளவின்றிச் சுருங்க வைத்துக் குழந்தைக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். எவ்வளவு குடித்தார், அது எப்போது அடங்கும் என்பது எந்த மருத்துவருக்கும் தெரியாது. குளிப்பதற்குத் தடையில்லை. ஆனால் குளித்துச் சாமி கும்பிட்டுத் தலைவாரிப் பூ வைத்துப் புறப்படுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடக் கூடாது.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத வேளைகளும் உண்டு. தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். இரத்தமாகப் போனாலும், துர்நாற்றம் வீசினாலும், தாய்க்குக் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே புறப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது தொப்புள்கொடி இறங்குவது. மிக அரிதாகவே இது நடக்கும். குழந்தையின் தலை இன்னும் இடுப்பெலும்புக்குள் இறங்காமல் இருந்தாலோ, குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருந்தாலோ, தண்ணீர் கொட்டும் வேகத்தில் கொடியும் கீழே வந்துவிடக்கூடும். பெண்ணுறுப்பின் வாயிலில் கயிறுபோல் ஏதேனும் தட்டுப்பட்டால் அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. அந்தப் பெண் முழங்காலிட்டு, மார்பு தரையில் படும்படி குனிந்து, இடுப்பை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். உடனே 999க்கு அழைக்க வேண்டும். குழந்தையின் எடை கொடியின்மேல் விழாமல் இருக்கவே அந்த நிலை.

பிங்க் புத்தகத்தின் சிவப்புக் குறி

இந்நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவரிடமும் ஒரு பிங்க் புத்தகம் இருக்கிறது. தாய் சேய் நலக் கிளினிக்கில் அந்தப் புத்தகத்தில் நிறக் குறி ஒட்டுவார்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறங்கள். வெள்ளை என்றால் தாதியரே கவனித்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரின் கவனிப்பு வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வலி இல்லாமல் பனிக்குட நீர் போவது சிவப்புக் குறியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வலிப்பு, பேறுகாலத்திற்கு முந்திய இரத்தப்போக்கு ஆகியவை எந்தப் பட்டியலில் இருக்கின்றனவோ அதே பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது. ஒன்பது மாதமும் வெள்ளைக் குறியோடு வந்த பெண்ணும் அந்த வேளையில் சிவப்புக் குறிக்கு மாறிவிடுகிறார். இது பலருக்குத் தெரிவதில்லை. வலிதானே அடையாளம், வலி இல்லையே என்று இருந்துவிடுகிறார்கள்.

இத்தகைய ஏற்பாடுகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1950களின் தொடக்கத்தில் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தனர். தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதன்று. பிள்ளைப்பேற்றில் ஒருவரைப் பறிகொடுத்த லயன் வீடுகள் அன்று உண்டு. 1990களில் அந்த எண்ணிக்கை 50க்கும் கீழே இறங்கியது. டாக்டர் இந்திரா பத்மநாதனும் உடன் ஆசிரியர்களும் எழுதி, 2003ஆம் ஆண்டு உலக வங்கி வெளியிட்ட நூல், மலேசியாவையும் இலங்கையையும் இதில் உலகுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது. பயிற்சி பெற்ற மருத்துவத் தாதியர், அருகில் கிளினிக், வேண்டும்போது மருத்துவமனைக்கு அனுப்பும் ஒழுங்கு ஆகியவையே அந்த வெற்றியின் தூண்கள். 1991இலிருந்து ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் தனித்தனியே ஆராயும் முறையும் இங்கு இருந்து வருகிறது. ஆனால் எவ்வளவு நல்ல ஒழுங்கும் வீட்டு வாசலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். நெல்வயல்களும் கம்போங்குகளும் ஒரு பக்கம், பெர்தாம் போன்ற இடங்களில் புதிய தாமான்கள் மறுபக்கம். பல வீடுகளில் கணவர் பிறை தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்கிறார். பகலில் வீட்டில் இருப்பது மருமகளும் மாமியாரும்தான். அங்கே நடக்கும் பேச்சு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

"அத்தை, தண்ணி மாதிரி போகுதுங்க."

"வலி எடுக்குதா?"

"இல்லீங்க அத்தை, ஒண்ணும் இல்ல."

"அப்ப ஒண்ணும் பயமில்ல. அவன் சாயந்தரம் வேலை முடிஞ்சு வரட்டும், போகலாம்."

மாமியார் அன்பில்லாமல் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். ஆனால் மகன் ஷிப்ட் முடிந்து, நெரிசலில் சிக்கி, வீடு வந்து சேர இரவு எட்டு மணி ஆகலாம். காலையில் உடைந்த பனிக்குடத்துக்கு அதற்குள் பன்னிரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். ஆகவே பதிந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கு எந்த வழியாகப் போவது, கணவர் இல்லாத வேளையில் யார் வண்டி ஓட்டுவது என்பதை 36ஆம் வாரத்திலேயே குடும்பம் பேசி முடிவு செய்துவிட வேண்டும். பிரசவத்திற்குச் செபராங் ஜெயாவுக்குப் போக வேண்டியவர் சாலை நெரிசலைக் கணக்கில் வைக்க வேண்டும். பாலம் கடந்து தீவில் உள்ள மருத்துவமனையில் பதிந்திருப்பவர் இன்னும் முன்னதாகவே யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பமோ மலாய்க் குடும்பமோ, கேட்டால் மறுப்பவர் யாரும் இல்லை. கேட்கத்தான் தயங்குகிறோம்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

முதலில் காய்ச்சல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். குழந்தை தலைகீழாக இருக்கிறதா, தலை இறங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவியில் பதிவு செய்வார்கள்.

தண்ணீர் போவது கண்ணால் பார்த்தாலே தெரிந்தால் மேலும் பரிசோதனை தேவையில்லை. சந்தேகம் இருந்தால், கிருமி நீக்கிய கருவி ஒன்றைக் கொண்டு மெல்ல விரித்துப் பார்ப்பார்கள். கருப்பை வாயிலில் நீர் தேங்கியிருந்தால் உறுதியாகிவிடும். பனிக்குட நீர் காரத்தன்மை உடையது. பெண்ணுறுப்பு இயல்பாகவே அமிலத்தன்மை உடையது. எனவே நிறம் மாறும் தாளைக் கொண்டும் கண்டுபிடிக்கலாம். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் காயவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பெரணி இலைபோன்ற அழகான கோலம் தெரியும்.

வலி தொடங்காத நிலையில் விரல் விட்டுப் பரிசோதிப்பதை நல்ல மருத்துவர்கள் இயன்றவரை தவிர்க்கிறார்கள். "டாக்டர் உள்ளே கைவைத்துப் பார்க்கவே இல்லையே" என்று சில குடும்பங்கள் குறைபட்டுக்கொள்வது உண்டு. அது குறை அன்று, பாதுகாப்பு. ஒவ்வொரு முறை விரல் போகும்போதும் கீழே உள்ள கிருமிகளும் மேலே போக வாய்ப்பு உண்டு.

கையின் வழியாக நோய் போகும் என்பதை மருத்துவ உலகம் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றது. 1847ஆம் ஆண்டு வியன்னா பொது மருத்துவமனையில் பணிபுரிந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் காய்ச்சலில் சாகிறார்கள் என்று கண்டார். குளோரின் கலந்த நீரில் கைகழுவியே தீர வேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் அந்த வார்டில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. அவர் சொன்னதை அன்று பலர் ஏற்கவில்லை. இன்று அது பாலபாடம்.

காத்திருப்பதா, தூண்டுவதா?

இனி உரையின் மையக் கேள்விக்கு வருவோம். வலி இன்னும் வரவில்லை. தாயும் சேயும் நலம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அடுத்து என்ன?

இயற்கைக்குச் சற்று நேரம் கொடுத்தால், பத்தில் ஆறு பெண்களுக்கு 24 மணி நேரத்திற்குள் வலி தானாகவே வந்துவிடுகிறது. இது காத்திருப்புக்குச் சாதகமான செய்தி. மறுபக்கம், நேரம் ஆக ஆகத் தொற்று வாய்ப்பு கூடுகிறது. பனிக்குடம் உடையாதவர்களின் குழந்தைகளில் 200இல் ஒன்றுக்குக் கடுமையான தொற்று வரும் என்றால், முன்கூட்டியே உடைந்தவர்களின் குழந்தைகளில் அது 100இல் ஒன்றாகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிகள் தாய்மார்களுக்குச் சொல்லும் கணக்கு இது. நூறில் 99 குழந்தைகள் நலமாகவே இருக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கனடாவைச் சேர்ந்த டாக்டர் மேரி ஹன்னா தலைமையில் 6 நாடுகளில், 72 மருத்துவமனைகளில், 5,041 பெண்கள் அதில் பங்கேற்றனர். முடிவுகள் 1996இல் வெளியாயின. சிலருக்கு உடனே மருந்து கொடுத்து வலி தூண்டப்பட்டது. மற்றவர்கள் நான்கு நாள் வரை காத்திருந்தனர். அறுவைச் சிகிச்சை விகிதம் எல்லாக் குழுக்களிலும் நூற்றுக்குப் பத்து அளவிலேயே இருந்தது. குழந்தைக்கு வந்த தொற்றிலும் பெரிய வேறுபாடு இல்லை. நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று. ஆனால் தாய்க்கு வந்த தொற்றில் வேறுபாடு இருந்தது. ஆக்சிடோசின் சொட்டு மருந்தால் உடனே தூண்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குப் பனிக்குட உறையில் தொற்று வந்தது. காத்திருந்து, தேவைப்பட்டால் ஆக்சிடோசின் பெற இருந்தவர்களில் அது 8.6.

அதே ஆய்வின் விவரங்களை மேலும் அலசியபோது இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஒன்று, விரல் பரிசோதனை பற்றியது. 8 முறைக்கு மேல் பரிசோதிக்கப்பட்ட தாய்மார்களுக்கு, 3 முறைக்குக் குறைவாகப் பரிசோதிக்கப்பட்டவர்களைவிடத் தொற்று வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு. இரண்டாவது, காத்திருந்த இடம் பற்றியது. மருத்துவமனையில் காத்திருந்தவர்களைவிட வீட்டில் காத்திருந்தவர்களின் குழந்தைகளுக்குத் தொற்று வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இந்த முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. "வலி வரட்டும், அப்புறம் போகலாம்" என்பவர்கள் கேட்க வேண்டிய பதில் இது.

உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட பரிந்துரையில், நிறைமாதத்தில் வலிக்கு முன் பனிக்குடம் உடைந்தால் வலியைத் தூண்டலாம் என்றே சொல்கிறது. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியோ, 24 மணி நேரம் வரை காத்திருப்பது அல்லது கூடிய விரைவில் தூண்டுவது என்ற இரண்டையும் தாயின் முன் வைத்து, அவரே தேர்ந்துகொள்ளட்டும் என்கிறது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. காத்திருக்கலாம், ஆனால் அளவோடு, கண்காணிப்போடு என்பதே சாரம். நான்கு மணிக்கு ஒருமுறை காய்ச்சல் பார்க்க வேண்டும். தண்ணீரின் நிறமும் வாடையும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையின் துடிப்பும் அசைவும் கவனிக்கப்பட வேண்டும்.

காத்திருக்கவே கூடாதவர்களும் உண்டு. தண்ணீர் பச்சையாக இருப்பவர், காய்ச்சல் உள்ளவர், குழந்தையின் துடிப்பில் மாற்றம் தெரிபவர், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தவர் ஆகியோருக்குப் பிரசவத்தைத் தள்ளிப்போடுவதில்லை. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கும், குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பவர்களுக்கும் முடிவு வேறாக இருக்கும். அதை மருத்துவ நிபுணரே சொல்ல வேண்டும்.

சொட்டு மருந்து பற்றிய பயம்

வலியைத் தூண்ட இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை உள்ளே வைத்துக் கருப்பை வாயை மென்மையாக்குவது. மற்றொன்று, ஆக்சிடோசினைச் சொட்டுச் சொட்டாக இரத்தக் குழாயில் செலுத்துவது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் சீக்கிரம் பிரசவம் ஆகுமா என்று கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் முதல் பிரசவப் பெண்களிடம் ஆராய்ந்து பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் பிரசவம் விரைவுபடவில்லை. மருந்து கூடினால் பலன் கூடும் என்பது எல்லா இடத்திலும் பொருந்தாது.

ஆக்சிடோசின் ஏதோ அந்நியப் பொருள் அன்று. பிரசவ வேளையிலும் பால் கொடுக்கும்போதும் தாயின் உடலே சுரக்கும் பொருள்தான் அது. அமெரிக்க வேதியியல் அறிஞர் வின்சென்ட் டு விக்னோ 1953இல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சொட்டு மருந்தில் ஒரு வசதி உண்டு. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம். வலி அளவுக்கு மீறினால் நிறுத்திவிடலாம். நிறுத்திய சில நிமிடங்களில் அதன் வேகம் குறையத் தொடங்கும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அதிகம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தையின் துடிப்பை அந்நேரம் முழுவதும் கருவி பதிவு செய்துகொண்டிருக்கும்.

தூண்டிய வலி சற்றுக் கடுமையாக இருக்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. வலி நிவாரணம் என்னென்ன கிடைக்கும் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சொட்டு மருந்து ஏற்றினால் கட்டாயம் வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பேச்சுக்கு மேலே சொன்ன 5,041 பெண்களின் அனுபவமே பதில். அதே ஆய்வில், காத்திருந்தவர்களைவிடத் தூண்டப்பட்ட பெண்களே அதிக மனநிறைவைத் தெரிவித்தனர்.

கிருமிக்கொல்லி மருந்து எல்லாருக்கும் வேண்டுமா? வேண்டியதில்லை. நிறைமாதத்தில் பனிக்குடம் உடைந்த அனைவருக்கும் வழக்கமாக அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. காய்ச்சல் உள்ளவருக்கும், குரூப் பி கிருமி இருப்பவருக்கும், நெடுநேரம் ஆகிவிட்டவருக்கும் மருத்துவர் முடிவு செய்து கொடுப்பார். முன்பு வாங்கிய மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று தாமாகவே விழுங்கக் கூடாது.

பிறந்த பிறகும் கவனம்

குழந்தை பிறந்துவிட்டால் கதை முடிந்துவிடுவதில்லை. பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிறந்த குழந்தையைக் குறைந்தது 12 மணி நேரமாவது உன்னிப்பாகக் கவனிப்பார்கள். மூச்சு, உடல் சூடு, இதயத்துடிப்பு, பால் குடிக்கும் விதம் எல்லாம் பார்ப்பார்கள். "மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க, எங்களை மட்டும் ஏன் வச்சிருக்காங்க" என்று வற்புறுத்தி வீட்டுக்குக் கிளம்புவது சரியன்று.

வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ உடனே கொண்டு போக வேண்டும். தாய்க்குக் காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றத்துடன் உதிரப்போக்கு இருந்தால் அதையும் 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு வரும் கிராமத் தாதியிடம் இவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

மருத்துவமனையில் நம் பெண்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராததும், பெரிய டாக்டரிடம் கேள்வி கேட்கலாமா என்ற தயக்கமும் காரணங்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே நான்குதான். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதா? இப்போது தூண்டுவது நல்லதா, காத்திருக்கலாமா? காத்திருந்தால் எத்தனை மணி வரை? எந்த மாற்றம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்? இந்த நான்கையும் கணவர் ஒரு தாளில் மலாயில் எழுதி, பிங்க் புத்தகத்துக்குள் வைத்துவிடலாம். எந்தத் தாதியும் எந்த மருத்துவரும் அதற்குக் கோபிக்கப் போவதில்லை.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களுடைய காலத்தில் மருத்துவமனை தூரத்தில் இருந்தது, வண்டி இல்லை, வலி வந்த பிறகே தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. அன்று அது வேறு வழியில்லாமல் செய்தது. அந்த நிர்ப்பந்தத்தை இன்று வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மருமகள் "தண்ணி போகுதுங்க அத்தை" என்றால், "வலிக்குதா" என்று கேட்பதற்கு முன் "எத்தனை மணிக்கும்மா போச்சு?" என்று கேட்டால் போதும். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வைத்தியம் ஆகிவிடும்.

நிறைமாதத்தில் பனிக்குடம் முன்கூட்டி உடைவது தெய்வக் குற்றமும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல. சுமை தூக்கியதாலோ படியேறியதாலோ வந்தது என்று அந்தப் பெண்ணைக் குறைசொல்வது அநியாயம். பெரும்பாலும் காரணம் தெரியாமலே நடக்கும் ஒன்று அது. அந்த வேளையில் வீட்டார் பதறாமல் மணியைக் குறித்துக்கொண்டு, நிறத்தைப் பார்த்துவிட்டு, பிங்க் புத்தகத்தோடு அவரை உடனே மருத்துவமனையில் சேர்த்துவிட்டால், காத்திருப்பதா தூண்டுவதா என்பதை அவரும் மருத்துவரும் நிதானமாகப் பேசி முடிவு செய்ய நேரம் இருக்கும்.